லேபிளில் ஒரு வரி காலியாக இருக்கிறது

தமிழ்நாட்டு மலைகளிலும் புதர்க்காடுகளிலும் புதிய தாவரங்களைக் கண்டுபிடித்துப் பெயர் சூட்டும் தாவரவியலாளர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்களில் ஒருவன் அல்லன். ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள், உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமித்து வைக்கும் ஹெர்பேரியத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் மலையிலிருந்து சாக்குப்பையில் கொண்டுவந்து மேசைமேல் கொட்டும் செடிகளைச் செய்தித்தாளுக்கு நடுவே விரிப்பேன். இலை ஒன்று மேல்பக்கம் தெரிய, இன்னொன்று அடிப்பக்கம் தெரிய ஒதுக்கி வைத்துப் பலகையில் இறுக்குவேன். தினமும் தாள் மாற்றுவேன். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமலிருக்க நூறு வாட் பல்புக்கு மேலே பலகையைத் தூக்கி வைத்துவிட்டு இரவெல்லாம் பக்கத்திலேயே படுத்திருந்ததும் உண்டு. காய்ந்த செடியைப் பாதரச உப்பு கலந்த கரைசலில் தோய்ப்போம். கையுறை என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியவந்ததே வெகுகாலம் கழித்துத்தான். பிறகு பதினாறரைக்குப் பதினொன்றரை அங்குல அட்டையில் ஒட்டி, தடித்த தண்டை ஊசிநூலால் தைத்து, உதிர்ந்த விதையைச் சிறு உறையில் போட்டு, வலது கீழ்மூலையில் லேபிளை ஒட்டினால் என் வேலை முடிந்தது.

அந்த லேபிளைப் பற்றித்தான் இந்த மடல்.

குடும்பம், பேரினம், சிற்றினம், இடம், உயரம், நாள், பூவின் நிறம், சேகரித்தவர், சேகரிப்பு எண். இவற்றுக்கு நடுவே எங்கள் துறையில் அச்சடித்த லேபிளில் ‘உள்ளூர்ப் பெயர்’ என்று ஒரு வரி இருந்தது. எத்தனை ஆயிரம் லேபிள் ஒட்டியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வரியில் எழுத்தைப் பார்த்தால் கை ஒரு கணம் நிற்கும், அவ்வளவு அபூர்வம். பெரும்பாலானவற்றில் ஒரு சிறு கோடு இழுத்திருப்பார்கள். சிலவற்றில் அந்தக் கோடுகூட இருக்காது. வேம்புக்கும் புளிக்கும் மட்டும் மறக்காமல் எழுதியிருப்பார்கள், யாருக்கும் தெரியாதது போல.

சென்ற மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு புதிய செடியைப் பற்றிய கட்டுரையை என் மருமகன் கைப்பேசியில் காட்டினான். படங்கள் அருமை. பூவைக் குறுக்கே அறுத்து, உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கி, மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து எடுத்திருந்தார்கள். என் காலத்தில் இப்படி ஒரு கேமரா இருந்திருந்தால் பாதிக் கண் மிஞ்சியிருக்கும். கட்டுரை முழுவதும் ஒரு தமிழ்ச்சொல்கூட இல்லை. மலையின் பெயர் இருந்தது, அதுவும் ஆங்கில எழுத்தில். அந்த மலையில் மனிதர்கள் வசிக்கிறார்கள் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. ‘உள்ளூர்ப் பெயர்’ வரியைக் கட்டுரையிலிருந்தே எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் கோடாவது இருந்தது.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1994-ஆம் ஆண்டு ஐப்பசி. ஒரு பேராசிரியரோடும் நான்கு மாணவர்களோடும் ஒரு மலையடிவாரப் புதர்க்காட்டுக்குப் போயிருந்தேன். முந்தின நாள் நல்ல மழை. சூரைமுள் புதர் ஒன்றின்மேல் மெல்லிய கொடி ஒன்று சுற்றிக்கொண்டு ஏறியிருந்தது. அதன் கணுவில் ஐந்தாறு பூக்கள் நிமிர்ந்து நின்றன. அதற்குமுன் அப்படியொரு பூவை உயிரோடு நான் பார்த்ததில்லை. அடியில் சிறு குமிழ்போல் உப்பல். அதற்குமேல் விரல்நீளக் குழல். குழலின் வாயில் ஐந்து இதழ்கள், விரிந்து மலராமல், நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் ஐந்து சன்னல் திறந்த கூண்டாக. கோயில் தூண்டாவிளக்குக்குக் கண்ணாடிக்கூண்டு போடுவார்களே, அந்த வடிவம். குழலில் ஊதாத் தீற்றல், கூண்டு இளம்பச்சை. செரோபீஜியா என்றார் பேராசிரியர். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர், கிரேக்கத்தில் மெழுகு ஊற்று என்று பொருள் என்று மாணவர்களுக்குச் சொன்னார். மெழுகு ஊற்றைக் கண்டவர் யார் என்று தெரியவில்லை. ஆனால் பூவைப் பார்த்தால் ஒத்துக்கொள்ளத் தோன்றும்.

அப்போது ஆடு மேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓர் அம்மாள் வந்தார். எழுபது வயதிருக்கும். நாங்கள் கொடியைப் பட்டும் படாமலும் புதரிலிருந்து பிரித்துக்கொண்டிருப்பதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, கிழங்கை விட்டுவிட்டுப் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறீர்களே ஐயா என்று கேட்டார். மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோலால் மண்ணைக் கிளறி, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கிழங்கை எடுத்து, முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினார். பச்சையாகவே தின்றேன். நீர்ச்சத்தும் மாவும், கடைசியில் நாக்கில் ஒரு சிறு கசப்பு. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பசிக்குத் தின்பார்களாம். பெரிய கிழங்கைத் தின்றுவிட்டுச் சிறியதை மண்ணிலேயே விட்டுவிட வேண்டுமாம். அதற்கு ஒரு பெயரும் சொன்னார்.

அந்தப் பெயர் எனக்கு நினைவில் இல்லை.

‘கிழங்கு’ என்று முடிந்தது. அதற்கு முன்னால் இரண்டு மூன்று எழுத்து. அன்றைக்கு என் காதில் தெளிவாகத்தான் விழுந்தது. பேராசிரியர் சற்றுத் தள்ளி உயரமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை. நான் சொல்லியிருக்கலாம். உதவியாளன் வாய் திறப்பது வழக்கமில்லாத துறை அது. இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளுக்கு லேபிள் ஒட்டியவனும் நானே. உள்ளூர்ப் பெயர் என்ற இடத்தில் கோடு இருந்தது. பென்சில் என் சட்டைப்பையில் இருந்தது. ஒட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

மேற்கொண்டு நடந்ததையும் கேளுங்கள். அது புதிய சிற்றினமாக இருக்கலாம் என்று பேராசிரியருக்கு ஓர் ஐயம். இலை ஒடுக்கம், கூண்டின் இதழ்கள் வழக்கத்தைவிட நீளம். ஆனால் இந்த வகைப் பூக்களில் முடிவு சொல்லும் உறுப்பு வெளியே தெரியாது. குழலின் அடியில், உப்பலுக்குள், மகுடம் என்று நீங்கள் சொல்லும் சிறு அமைப்பு இருக்கிறது. அதன் மடல்கள் எத்தனை, உரோமம் உண்டா, நுனி பிளந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் இது இன்னது என்று அறுதியிட முடியும். நானோ அந்தப் பூக்களைத் தாளுக்கு நடுவே வைத்து நன்றாக இறுக்கியிருந்தேன். கூண்டு தட்டையாகிவிட்டது. ஊதா பழுப்பாகிவிட்டது. இரண்டு பூவையாவது சாராயத்தில் போட்டு வைத்திருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காசித்தும்பை இனத்துப் பூக்களைக் கையாண்டவர்களுக்கு இந்த வேதனை புரியும். அவை பலகையில் வைத்தால் கூழாகிவிடும். ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1911-இல் தொண்ணூற்று நான்கு வயதில் இறக்கும் தறுவாய்வரை அப்படிக் காய்ந்து சுருங்கிய காசித்தும்பைப் பூக்களை நனைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார் என்று படித்தபோது, அவருக்குத் தாள் ஒட்டிய ஆளை நினைத்துக்கொண்டேன்.

நாங்களும் நனைத்தோம். ஒரு பூவைக் கழற்றிச் சுடுநீரில் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் ஓரளவு பழைய வடிவம் வரும். பேராசிரியர் ஊசியால் குழலைக் கீறிப் பிரித்தார். முறை வைத்து எல்லோரும் உருப்பெருக்கியில் பார்த்தோம்; கடைசியாக நான். குழலின் உள்சுவரில் வெள்ளை உரோமங்கள், எல்லாம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தன. அவற்றைத் தாண்டி உப்பலுக்குள், மகுடத்தின்மேல் சிறகு மடித்தபடி ஓர் ஈ. கடுகில் பாதிகூட இல்லை. பூ அதைச் சிறை வைத்திருந்தது. உள்ளே போகலாம், உரோமம் தடுப்பதால் வெளியே வர முடியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உரோமம் வாடும், பூ தலை சாயும், மகரந்தப் பொதியைச் சுமந்துகொண்டு ஈ வெளியேறும். இந்த ஈக்கு விடுதலை நாள் வருவதற்குள் நாங்கள் வந்துவிட்டோம். பலகையில் இறுக்கியவன் நான்.

அந்த ஈயை எது அழைத்தது என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. தென்னாப்பிரிக்கச் செரோபீஜியா ஒன்றைப் பற்றி 2016-இல் வந்த ஆய்வு, அந்தப் பூ அடிபட்ட தேனீயின் வாசனையை வீசுகிறது என்று காட்டியது. சிலந்தியிடம் சிக்கிய தேனீயின் உடற்சாற்றை உறிஞ்ச வரும் சிற்றீக்கள் ஏமாந்து உள்ளே விழுகின்றன. எங்கள் பூ என்ன வாசனை வீசியது? நான் மோந்து பார்க்கவில்லை. ஆடு மேய்த்த அம்மாளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இரண்டு ஆண்டு கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, வேறு ஹெர்பேரியங்களின் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது ஏற்கெனவே பெயரிடப்பட்ட சிற்றினம்தான், இலை சற்று ஒடுங்கிய வடிவம் என்று முடிவாயிற்று. புதிதென்று நினைப்பவற்றில் பல இப்படித்தான் முடியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பேராசிரியர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். அந்தக் கொடிக்குப் புதிய இலத்தீன் பெயரும் கிடைக்கவில்லை. இருந்த தமிழ்ப் பெயரை நான் தொலைத்துவிட்டேன்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கண்டெடுத்த செடியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தும் கட்டுரையில் தமிழில் ஒரு பத்தி எழுதுங்கள். அந்த மலைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழ் எழுத்தில் போடுங்கள். பெயர் சொன்னவரின் சம்மதம் கேட்டு அவர் பெயரையும் போடுங்கள். கேட்டும் பெயர் கிடைக்கவில்லை என்றால் ‘கேட்டோம், பெயர் இல்லை’ என்று எழுதுங்கள். கோடு இழுக்காதீர்கள். கோடு என்றால் பெயர் இல்லையா, கேட்கவே இல்லையா என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

பெயரிடும் விதிகள் இதற்கு இடம் தராது என்று சொல்வீர்கள். நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1935 முதல் 2011 முடியும்வரை புதிய தாவரத்தின் விளக்கம் இலத்தீனில் இருந்தே ஆக வேண்டும். எங்கள் பேராசிரியர் இலத்தீன் இலக்கணத்தோடு மல்லுக்கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தேவாலயத்துப் பாதிரியாரிடம் வேற்றுமை உருபு சரிபார்க்க என்னைத்தான் அனுப்புவார். 2012 சனவரி முதல் நாளிலிருந்து ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று ஆயிற்று. ஆகவே விதி கேட்பது இலத்தீன் அல்லது ஆங்கிலம். அவற்றோடு கூடத் தமிழும் இருக்கக்கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. வகைமாதிரித் தாள், அதாவது புதிய பெயருக்கு ஆதாரமான செடியை ஒட்டிய தாள், எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்கிறது விதி. அதைச் சொன்ன கையோடு, செடி எந்த ஊர்க்காரர் தோட்டத்து வேலியில் நிற்கிறது, அவர்கள் அதை எப்படி அழைக்கிறார்கள் என்று சொல்வதை யார் தடுத்தார்கள்?

சப்பானில் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். 2022 சூனில் ககோஷிமா மாவட்டத்தில் கிமோட்சுகி மலையில் ஒரு விசித்திரமான செடி கிடைத்தது. பச்சையம் கிடையாது, பூஞ்சையிடமிருந்து உணவைப் பறித்து வாழ்கிறது, பூவே பாதி மண்ணுக்குள் சருகு மூடிக் கிடக்கிறது. பூ கண்ணாடியில் செய்ததுபோல் இருக்கும். ஆராய்ந்ததில் சிற்றினம் மட்டுமல்ல, பேரினமே புதிது என்று தெரிந்தது. 2024-இல் ரெலிக்டிதிஸ்மியா கிமோட்சுகியென்சிஸ் என்ற பெயரில் கட்டுரை வந்தது. வாயில் நுழையாத அந்தப் பெயரோடு கூடவே ஒரு சப்பானியப் பெயரும் சூட்டினார்கள்: முஜினா நோ ஷொகுதாய். வளைக்கரடியின் விளக்குத்தண்டு என்று சொல்லலாம். மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் பிராணியின் வீட்டில் எரியும் விளக்கு. அந்நாட்டில் இதற்கு உறவான செடி ஒன்றுக்கு ஏற்கெனவே வேறொரு பிராணியின் விளக்குத்தண்டு என்று பெயர் இருந்தது. அந்த வரிசையில் இதையும் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு பள்ளிப் பிள்ளை அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் செடி எங்கே வளரும், எப்படி இருக்கும், யாருக்கு உறவு என்று மூன்று செய்தி தெரிந்துகொள்கிறது. நம் பிள்ளைக்கு என்ன வைத்திருக்கிறோம்?

அமெரிக்காவையும் பாருங்கள். டெக்சாஸ் மாநிலத்தில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் 2024 மார்ச்சில் ஒரு தன்னார்வலர் கண்ணில், கூழாங்கற்களுக்கு நடுவே வெண்கம்பளி போர்த்திய குட்டிச்செடி பட்டது. இன்னதென்று தெரியாமல் படத்தை இணையத்தில் போட்டார். அறிஞர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்து யாருக்கும் பிடிபடாமல், மரபணுவையும் ஆராய்ந்து, சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரு புதிய பேரினம் என்று 2025-இல் அறிவித்தார்கள். ஓவிகுலா பைரேடியேட்டா. இரண்டு சிவந்த இதழ்கள் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருப்பதால் கூடவே ‘கம்பளிப் பிசாசு’ என்று தங்கள் மொழியில் ஒரு செல்லப்பெயர். செய்தித்தாள்களில் ஓடியது எந்தப் பெயர் என்று நினைக்கிறீர்கள்?

உள்ளூர்ப் பெயர்களை நம்ப முடியாது, ஒரே பெயரை நாலு செடிக்கு வைப்பார்கள் என்று என்னிடம் ஒரு பேராசிரியர் வாதாடினார். உண்மைதான். மாகாளிக்கிழங்கை நன்னாரி என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தும்பை என்றால் எந்தத் தும்பை என்று கேட்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பெயரே போதும், இலத்தீன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் முப்பத்தொரு ஆண்டு வாங்கிய சம்பளத்துக்குத் துரோகம். ஆனால் இலத்தீன் பெயர் கல்வெட்டு என்கிற பெருமையை மட்டும் என்னிடம் பேசாதீர்கள். எங்கள் அலமாரியில் கருவேலந்தாள் ஒன்று இருக்கிறது. அகேசியா அராபிகா என்று முதல் லேபிள். அதன்மேல் அகேசியா நைலோட்டிகா என்று ஒரு திருத்தச் சீட்டு. அதற்கும் மேலே வச்செல்லியா நைலோட்டிகா. மூன்றில் இரண்டை நானே ஒட்டினேன். அகேசியா என்ற பெயரே முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பேரினத்துக்கு வகைமாதிரியாக இருந்ததும் நம் கருவேலம்தான். 2005-இல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுத்து, பெரும்பாலும் முள்ளே இல்லாத ஆஸ்திரேலிய மரங்களுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பெயருக்குச் சொந்தக்காரனே வீட்டைக் காலி செய்தான். இத்தனைக்கும் நடுவே விறகு வெட்டுகிறவரும் ஆடு மேய்க்கிறவரும் கருவேலத்தைக் கருவேலம் என்றே அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

செரோபீஜியாவுக்கும் இதே கதை. 2017-இல் வந்த ஒரு கட்டுரை, மரபணு உறவைக் காட்டி, உருவத்தில் கள்ளிபோலிருக்கும் ஸ்டபீலியா கூட்டத்தையெல்லாம் செரோபீஜியாவுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அதை ஏற்றால், நம் ஊர்ப் பொட்டலில் பிடுங்கித் தின்கிற கள்ளிமுளையானும் செரோபீஜியாதான். சிலர் ஏற்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். அந்தச் சண்டையில் எனக்குப் பங்கில்லை. எது வென்றாலும் கள்ளிமுளையான் என்ற பெயருக்குத் திருத்தச் சீட்டு தேவைப்படாது.

புதிய செடிக்குப் பழைய பெயர் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழங்கோ கனியோ நஞ்சோ உள்ள செடி என்றால் பெயர் நிச்சயமாக இருக்கும். உங்களுக்கு முன்னால் யாராவது தின்றிருப்பார்கள், அல்லது தின்று செத்திருப்பார்கள். பாறையில் பாசியோடு பாசியாக ஒட்டியிருக்கும் விரல்நகச் செடி என்றால் இல்லாமல் போகலாம். அப்போது புதிதாக வைக்க வேண்டியதுதான். ஆனால் தயவுசெய்து நூலகத்தில் உட்கார்ந்து வைக்காதீர்கள். ஓவிகுலா பைரேடியேட்டா போன்ற இலத்தீனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘இருகதிர்ச் சிற்றாட்டுச்செடி’ என்று ஒன்றைச் செய்து பாடநூலில் ஏற்றினால், அது அந்தப் பாடநூலோடு சாகும். உங்களுக்கு வழிகாட்டியாக வந்தவரிடம் பூவைக் கையில் கொடுங்கள். அவருடைய பிள்ளைகளிடம் கொடுங்கள். கிளியின் கழுத்தை, கொக்கின் மூக்கை, குத்துவிளக்கின் முகத்தை அவர்கள் அதில் பார்ப்பார்கள். மேடைகளில் சங்கப் பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறோம், கைதட்டல் வாங்குகிறோம். நூறாவது பூ நேற்றுப் பூத்திருக்கிறது. அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தர ஆளில்லை.

முன்பெல்லாம் வெள்ளைக்காரர்களே காதைத் திறந்து வைத்திருந்தார்கள். மொரிங்கா என்பது நம் முருங்கை. பொங்கேமியா நம் புங்கம். ஏலக்காயின் எலட்டேரியாவும் ஏலத்தரி என்ற மலையாளப் பேச்சிலிருந்து போனதுதான். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த மலபார்த் தாவர நூலில், செடிகளைச் சொன்ன வைத்தியர் இட்டி அச்சுதனின் சான்றுரையை அவர் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ராபர்ட் வைட் தென்னிந்தியத் தாவரங்களைப் படத்தோடு வெளியிட்டபோது, தமக்கு வரைந்து தந்த ஓவியர் கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று பெயரிட்டார். பின்னால் வந்த ஆராய்ச்சியில் அது டிரோபிடியா என்ற வேறொரு பேரினத்துக்குள் கரைந்துவிட்டது. அதற்கென்ன, ஒரு காலத்தில் ஓர் உதவியாளனுக்கும் ஒரு பூ இருந்தது. இன்று நீங்கள் சூட்டும் பெயர்களில் வழிகாட்டிப் பேராசிரியர்களே அதிகம் தென்படுகிறார்கள். குற்றம் சொல்லவில்லை, அவர்களும் உழைத்தவர்கள். விதிப்படி சிற்றினப் பெயரை எந்த மொழிச் சொல்லிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்பதை நினைவூட்டுகிறேன், அவ்வளவே. பொதிகையில் மட்டும் வளரும் ஒரு மரத்தைத் தனிப் பேரினமாகப் பிரித்தபோது 2007-இல் அகஸ்தியமலையா என்று பெயர் வைத்தார்களே, அதை உச்சரிக்கும்போது வெளிநாட்டு நாக்கு ஒன்றும் சுளுக்கிக்கொள்ளவில்லை.

ஓர் அச்சமும் எனக்கு இருக்கிறது. பெயரைச் சொன்னால் பயனும் கூடவே வெளியே போகும். பொதிகை மலையில் 1987-இல் அங்குள்ள பழங்குடியினரான காணிக்காரர்கள் வழிகாட்டியாகப் போனபோது களைப்புத் தெரியாமல் நடந்ததையும், இடையிடையே ஏதோ ஒரு காயைத் தின்றதையும் கண்டு ஆராய்ச்சியாளர்கள் துருவிக் கேட்டார்கள். ஆரோக்கியப்பச்சை அப்படித்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தச் செடிக்கு இலத்தீன் பெயர் நெடுங்காலத்துக்கு முன்பே இருந்தது. எதற்கு ஆகும் என்பது மட்டும் காணிக்காரர்களிடம் இருந்தது. ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது, உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு என்று ஏற்பாடாயிற்று. அப்போதும் யாரைக் கேட்டீர்கள், எல்லாக் காணிகளையும் கேட்டீர்களா என்ற வாதம் ஓயவில்லை. ஆகவே பெயரைக் கேட்கும்போது எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். சொல்ல வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கிழங்குச் செடிக்கும் ஆர்க்கிடுக்கும் பத்தடி துல்லியத்தில் இடக்குறிப்பு அச்சிடாதீர்கள். அதைப் படித்துவிட்டு முதலில் வருபவர் மாணவராக இருக்கமாட்டார். எந்தப் பள்ளத்தாக்கு என்பதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை ஹெர்பேரியத்தின் பூட்டிய பதிவேட்டில் வையுங்கள்.

வேறு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. பூவைத் தட்டையாக்குமுன் இரண்டைப் போத்தலில் போடுங்கள். மோந்து பார்த்து வாசனையை எழுதுங்கள். உள்ளே ஈ இருந்தால் அதையும் எழுதுங்கள். கூட வரும் உதவியாளனை, உங்களுக்கு ஏதாவது காதில் விழுந்ததா என்று ஒரு தடவை கேளுங்கள்.

அந்த 1994-ஆம் ஆண்டுத் தாள் இன்னமும் அலமாரியில் இருக்கிறது. ஓய்வு பெறும் நாளன்று எடுத்துப் பார்த்தேன். கூண்டுப்பூ சருகு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் கழற்றிய இடத்தில் காம்பு மட்டும் நிற்கிறது. ஈ உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. லேபிளில் கோடு. எந்த மலை, எந்தப் பக்கம் என்பதை நேரில் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே எழுதமாட்டேன். அந்த அம்மாள் இருக்கமாட்டார். அவர் பேரப்பிள்ளைகள் இன்னும் ஆடு வைத்திருக்கலாம். உங்களில் யாராவது ஐப்பசி கார்த்திகையில் அந்தப் பக்கம் போனால், பூவைக் காட்டாதீர்கள், கிழங்கைத் தோண்டிக் காட்டிப் பெயரைக் கேளுங்கள். பழைய லேபிளில் கை வைக்க வேண்டாம், அது முறையன்று. பக்கத்தில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டினால் போதும். பசை நான் காய்ச்சித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹெர்பேரியம் உதவியாளன் ஒருவன்